காக்கை வராத அமாவாசை

போன மாதம் என் மகள் பால்கனியில் பறவைகளுக்கென்று பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி மாட்டினாள். மேலே மூடி, கீழே தட்டு, நடுவில் தினை. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு என்னையும் உட்கார வைத்துவிட்டாள். "பாத்துக்கிட்டே இரும்மா, மனசுக்கு நல்லது" என்கிறாள். மூன்று வாரமாகப் பார்க்கிறேன். புறாக்களைத் தவிர வேறெதுவும் எட்டிப் பார்க்கவில்லை. புறா தின்பதைப் பார்ப்பதில் மனசுக்கு என்ன நல்லது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் இந்த வயதில் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் நமக்கும் மரியாதை, பிள்ளைகளுக்கும் நிம்மதி.

என் வயதுக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிடும். ஒன்பது வயதில் ஒரு நாள் காலையில் பின்னிய சடை எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது மறக்காது. அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கரன்கோவில் வீட்டுப் புறவாசல்தான் வருகிறது. அங்கே தொங்கிய உறி வருகிறது. அத்தை வருகிறாள். எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் இறங்குமோ என்று எழுதுகிறேன். இறங்காவிட்டாலும் குற்றமில்லை, சுமந்து பழகிவிட்டது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். வாசலில் நின்று கூப்பிட்டால் புறவாசலில் இருப்பவருக்குக் காதில் விழாது. புறவாசலில் ஒரு கிணறு, ஒரு துவைகல், ஒரு செவ்வரளி. பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்கள் குளியலறை ஓட்டின்மேல் பாதி சாய்ந்து கிடக்கும். குளியலறைச் சுவருக்கும் அரளிக்கும் நடுவே ஒரு ஆள் திரும்ப முடியாத சந்து. அந்தச் சந்தில்தான் அத்தை உறியைக் கட்டியிருந்தாள். முன்னே தயிர்ப்பானை தொங்கிய உறி. பானை உடைந்தபிறகு அதன் மூடியை மட்டும் மல்லாத்தி உறியில் வைத்து, அதில் கம்பும் குருணையும் போடுவாள்.

குருவிகள் ஆளுக்கு முந்தி வந்து நிற்கும். அத்தை கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள். அவள் கம்பை அள்ளும்போது வளையல் குலுங்கும் சத்தம் கேட்டதும் அரளியில் இருந்து இறங்குவார்கள். ஆமாம், 'இறங்குவார்கள்' என்றுதான் எழுத வருகிறது. அத்தை அப்படித்தான் பேசுவாள். "சின்னவுக வந்துட்டாக" என்றால் சிட்டுக்குருவி. "சண்டைக்காரிய" என்றால் தவிட்டுக்குருவி, எப்போதும் ஆறேழு சேர்ந்து கத்திக்கொண்டே வரும். தலையில் கொண்டை வைத்த குருவி ஒன்று தனியாக வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஒன்றும் தின்னாமல் போகும். அதற்குப் பெயர் "தாசில்தார்".

காக்கைக்கு மட்டும் இடமில்லை. அவ்வளவு குறுகலான சந்தில் உறியைக் கட்டியதற்குக் காரணமே அதுதான். காக்கையால் அதற்குள் சிறகை விரிக்க முடியாது. சுவரில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாலும் அத்தை துணி காயப்போடும் கம்பை எடுத்துவிடுவாள். சின்னக் குருவிகளை விரட்டிவிட்டுத் தின்றுவிடும் என்பதால் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அம்மா தினமும் முதல் கைச்சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இலை போடுவாள். காக்கை வந்து எடுத்தால் செத்துப்போன பெரியவர்கள் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். மாதத்தில் மூன்று நாள் அம்மா சமையலறைக்குள் வரமாட்டாள். அப்போது அத்தைதான் சமைப்பாள். ஆனால் காக்கைச் சோற்றை என் கையில் கொடுத்து, "நீ போய் வச்சிட்டு வாட்டி" என்பாள். ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க ஏன் அத்தே வைக்க மாட்டேங்கீய?"

"உங்க அம்மை வச்சா அவ மாமனார் மாமியாரு வருவாக. நான் வச்சா யாரு வருவா? யாரும் வந்துரக் கூடாதுட்டி. அதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமா காக்கையாக வந்துவிடக் கூடாது என்று அத்தை பயப்படுகிறாள்.

மாமாவை எனக்குத் தெரியாது. அவர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறும்போது நான் கைக்குழந்தை. புளியங்குடிக்காரர். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தார். பிறகு ரங்கூனில் ஒரு அரிசிக் கடையில் கணக்கெழுதப் போனார். ஒரு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் சண்டை வந்தது, பர்மாவில் குண்டு விழுந்தது, கடிதம் நின்றது. காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. புளியங்குடிக்கும் ஒருவர் வந்தார், பாதி உடம்பாக. அவரிடம் கேட்டதற்கு, "நான் பாக்கலையே" என்றார். பார்க்கவில்லை என்றால் செத்தான் என்றா, பிழைத்தான் என்றா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் எட்டு வருஷம் இருந்தன.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்று அத்தையிடம் நான் கேட்டிருக்கிறேன். குழந்தை கேட்டால் சொல்லுவதில் வெட்கமில்லை போலும்.

"அவுகளுக்கு என்ன பேசன்னு தெரியல. எனக்கும் தெரியல. சாயங்காலம் இங்கன துவைகல்லுல வந்து உக்காருவாக. அந்தா குருவின்னு கையைக் காட்டுவாக. நான் ஆமாம்பேன். மறுபடி ஒண்ணு வரும். அந்தா இன்னொண்ணும்பாக. அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"போறதுக்கு முந்தின நாள், குருவிக்கு எதாச்சும் போட்டுக்கிட்டு இருன்னு சொன்னாக."

உறி வந்த கதை இவ்வளவுதான். காதல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது நாடகக் கொட்டகைச் சொல். எனக்கு அந்த வயதில் அன்பு என்றால் காத்திருப்பது என்றுதான் தெரியும். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. ஆடி பிறந்தால் எங்கள் ஊர் அம்மன் சுவாமியைப் பார்ப்பதற்காகத் தபசு நிற்கிறாள். சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அப்படி ஒரு ஊரில் பிறந்த பெண்பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? அத்தை மட்டும் ஒரு தடவை தபசுக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மனுக்குப் பன்னெண்டு நாளுல சாமி வந்திருதாரு பாத்தியா." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் தபசுக்கு இரண்டு வாரம் முன்னால் புளியங்குடித் தாத்தா வந்தார். மாமாவின் அப்பா. எலுமிச்சம்பழ வியாபாரம், அவர் துண்டை உதறினாலே வீடெல்லாம் எலுமிச்சை மணக்கும். வழக்கமாக எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு கொண்டுவருவார். அன்றைக்குக் கொண்டுவரவில்லை. அப்பாவும் அவரும் முன்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சாஸ்திரத்துக்குப் பன்னெண்டு வருசம் காக்கணும்ங்காரு குருக்கள். அம்புட்டு நாள் நான் இருப்பனான்னு தெரியல" என்றார் தாத்தா. "தபசு கழிஞ்சு வார அமாவாசையன்னைக்கு அவன் பேரைச் சொல்லி ஒரு பிடி சோறு வச்சிப் பாப்போம். காக்கா எடுத்துட்டுன்னா அவன் இல்ல. மத்த காரியத்தைச் செஞ்சு முடிச்சிருவோம். எடுக்கலைன்னா இருக்கான். காத்திருப்போம்."

"சரி மாமா. அப்படியே வச்சுக்கிடுவோம்" என்றார் அப்பா, கொஞ்சம் அவசரமாகவே.

சமையலறையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "காக்கா எடுத்துட்டா என்னம்மா?" என்று கேட்டேன். "தாலியை இறக்கணும். வளையலை உடைக்கணும். போ, இதெல்லாம் உனக்கு என்னத்துக்கு" என்றாள்.

வளையல் உடைப்பதை நான் பார்த்திருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒருத்திக்கு நடந்தது. கிணற்றடியில் உட்கார வைத்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார்கள். அத்தைக்கும் அப்படிச் செய்துவிட்டால் அவள் கம்பு அள்ளும்போது சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் குருவிகள் இறங்காது. சிரிக்காதீர்கள், எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அதற்கு அப்புறம்தான் வெள்ளைச் சேலையும், வெறும் நெற்றியும், அத்தை எந்த விசேஷத்துக்கும் முன்னால் வரமாட்டாள் என்பதும் ஒவ்வொன்றாகத் தோன்றின. அப்பா ஏன் "சரி" என்றார் என்று எனக்கு ஆத்திரம். சொந்தத் தங்கைக்கு இப்படிச் செய்யச் சம்மதிக்கிறாரே என்று இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

இந்த இடத்தில், எனக்கு ஒன்பது வருஷம் கழித்துத் தெரியவந்த ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பாவின் மேல் நீங்களும் என்னைப் போலவே தப்பாகக் கோபப்படுவீர்கள்.

அத்தை கல்யாணத்துக்கு முன்பே எட்டாம் வகுப்புப் பாஸ் செய்தவள். அந்த வருஷம் என் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் பாளையங்கோட்டையில் இருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். வாத்தியார் ட்ரெயினிங். இரண்டு வருஷம் ஹாஸ்டல், முடித்தால் வேலை. விதவைகளுக்குச் சலுகை உண்டு. கல்யாணமான பெண்ணென்றால் புருஷன் கையெழுத்து வேண்டும். புருஷன் இல்லையென்றால் அண்ணன் போடலாம். அத்தைக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதுதான் யாருக்கும் தெரியாதே! புளியங்குடித் தாத்தாவிடம் கேட்டால், "நாளைக்கு அவன் வந்து எம்பொண்டாட்டியை ஏன் அனுப்பினீகன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்பார். அதனால் அப்பா காக்கையை நம்பியிருந்தார். காக்கை எடுத்தால் அத்தைக்குத் தாலி போகும், படிப்பு வரும். எடுக்காவிட்டால் தாலி இருக்கும், அவளும் இருந்த இடத்தில் இருப்பாள்.

இதை அப்பா ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் எதையும் சொல்வதில்லை. பிள்ளைகள் வீட்டு மரச்சாமான் மாதிரி, பார்க்காது கேட்காது என்று நினைப்பு. அந்த நாட்களில் அத்தை மத்தியானம் என் நாலாம் கிளாஸ் கணக்கைக் கரித்துண்டால் துவைகல்லில் போட்டுப் பார்ப்பாள். போட்டதும் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுவாள். எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் என்று நினைத்தேன். அவள் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள் என்பது ஒன்பது வயதில் எப்படித் தெரியும்?

எங்களுக்கு இளையரசனேந்தல் பக்கம் கொஞ்சம் கரிசல் புஞ்சை இருந்தது. மழைக்கு முன்னால் அங்கே உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர் ஒருவர் உண்டு. உறிக்குக் கம்பு கொண்டுவந்து தருபவரும் அவர்தான். தபசுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். புறவாசலில் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் உறியைப் பார்த்துவிட்டு, காக்காய் தொந்தரவு இல்லையா என்று கேட்டார். கிடையிலும் காக்காய்த் தொல்லைதான், ஆட்டின் முதுகுப் புண்ணைக் கொத்துகிறது என்றார்.

"அப்ப என்ன செய்வீய?"

"ஒரு செத்த காக்காயைக் கம்புல கட்டித் தொங்கவிட்டாப் போதும் தாயி. எல்லாம் கூடி நின்னு ஒருபாடு அழும். அழுதுட்டுப் போயிரும். அப்புறம் அந்தத் திக்குல தலைவச்சும் படுக்காது."

"எனக்கு ஒண்ணு தருவீயளா? அம்மா கூழ்வத்தல் போட்டிருக்கா. காக்கா கொத்திருது."

வாழ்க்கையில் நான் யோசித்துச் சொன்ன முதல் பொய் அதுதான். அமாவாசைக்கு முந்தின நாள் அவர் ஒரு ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து வாசலோரம் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்குக் காக்கை என்றால் உயிரோடிருந்தாலே பயம். எங்கள் வீட்டில் முட்டை கூட நுழையாது. பெட்டியைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது. அரளி இலையைக் கையில் சுற்றிக்கொண்டு அதன் காலைப் பிடித்தேன். இன்றைக்கும் அந்தக் காலின் சொரசொரப்பு விரலில் இருக்கிறது. அந்தி மங்குகிற நேரம், எல்லோரும் புளியங்குடித் தாத்தாவை வரவேற்று முன்கட்டில் இருந்தார்கள். துவைகல்லில் ஏறி, சுவரில் ஏறி, குளியலறை ஓட்டின்மேல் தவழ்ந்து, வேப்பமரக் கிளையைப் பிடித்தேன். கட்டக் கயிறு கொண்டுவர மறந்துவிட்டேன். இறங்கினால் மறுபடி ஏறத் தைரியம் வராது. சடையில் இருந்த ஒரு ரிப்பனை உருவி அதன் காலில் சுற்றிக் கிளையில் கட்டினேன். சிவப்பு ரிப்பன், தபசுக் கடையில் அத்தை வாங்கிக்கொடுத்தது. இறங்கி வந்து கிணற்றடியில் நாலு வாளி தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். வேர்த்தது என்றேன் அம்மாவிடம்.

விடியும்போது ஊர்க் காக்கையெல்லாம் வேப்பமரத்தில் கூடிவிட்டது. அப்படி ஒரு கத்தல். "என்ன இன்னைக்கு இப்படிக் கத்துது, இன்னும் யாரு விருந்தாடி வரப்போறா?" என்றாள் அம்மா. அத்தை எப்போதும் போல எல்லோருக்கும் முந்தி எழுந்து தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அரைமணி நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு காக்கைக் குரலும் இல்லை.

அத்தை உள்ளே வந்து எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். தினமும் இரட்டைச் சடை, இரண்டு சிவப்பு ரிப்பன்.

"இன்னொரு ரிப்பன் எங்கட்டி?"

"பள்ளிக்கூடத்துல தொலைஞ்சிட்டு."

பிறகு பின்னிய சடையை அவிழ்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றைச் சடையாகப் பின்னினாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு இறுக்கமாகப் பின்னினாள். ரிப்பன் தொலைத்த கோபம் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல் குருக்கள் வந்தார். புளியங்குடித் தாத்தா ஈர வேட்டியோடு உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். மகனுக்குத் தகப்பன் செய்கிற காரியம்; அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துவைகல்லில் வாழையிலை போட்டுச் சோறு, எள்ளுருண்டை, வடை எல்லாம் வைத்தார்கள். எல்லோரும் தாழ்வாரத்தில் வந்து நின்றார்கள். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வளையல் சத்தம் கேட்காதபடி ஒரு கையால் மற்ற கையைப் பிடித்திருந்தாள்.

"கா... கா..." என்று தாத்தா கூப்பிட்டார். நல்ல ஆடிக் காற்று. வேப்ப இலையும் மண்ணும் சோற்றில் விழுந்தன. தூரத்தில் கோபுரத்தைச் சுற்றிக் காக்கைகள் பறப்பது தெரிந்தது. ஒன்று இப்பக்கம் வந்தது, வேப்பமரத்துக்கு மேல் வந்ததும் விருட்டென்று திரும்பிப் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிளைக்கு மேலே யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் இலைமேல் இருந்தது. யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணி ஆனது. ஒன்று ஆனது. தாத்தாவின் குரல் கம்மிவிட்டது. இரண்டு மணி வாக்கில் குருக்கள் எழுந்து, "எடுக்கலை. அவ்வளவுதான். மாட்டுக்கு வச்சிருங்கோ" என்றார்.

தாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைமேல் கூப்பினார். "எம் மவன் இருக்கான்! நான் சொன்னேம்லா, எங்கனயோ இருக்கான்!" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அம்மாவும் அழுதாள். அப்பா மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அவரை வெறுத்த நாள் அது. அத்தை வெளியே வந்து யாரையும் பார்க்காமல் சந்துக்குள் போய் உறியில் கம்பு போட்டாள். வளையல் குலுங்கியது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

மறுநாள் காலையில் காக்கையை அவிழ்த்துப் போடலாம் என்று ஓட்டின்மேல் ஏறினேன். கிளையில் ஒன்றும் இல்லை. ரிப்பனும் இல்லை. பருந்து தூக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. தாத்தா நாலு வருஷம் எங்கெங்கோ கடிதம் எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். பதில் வராமலே போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் ஆனபோது காரியம் செய்ய யாரும் வாயெடுக்கவில்லை. கேட்டால், "அதான் காக்கா எடுக்கலையே" என்பார்கள். அத்தை சமைத்தாள், எங்களை வளர்த்தாள், அம்மா படுத்தபோது அம்மாவைப் பார்த்தாள், அப்பா படுத்தபோது அப்பாவை. நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது அப்பா என்னைப் பாளையங்கோட்டை ட்ரெயினிங்கில் சேர்த்தார். தகரப் பெட்டியில் என் துணிகளை மடித்து அடுக்கியது அத்தைதான். பஸ்ஸில் போகும்போது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இது உங்க அத்தை போயிருக்க வேண்டிய எடம். பாரமெல்லாம் வாங்கி வச்சிருந்தேன். அன்னைக்கு ஒரு காக்கா வந்திருந்தாப் போதும்."

வாசுதேவநல்லூர், தென்காசி மாதிரி பக்கத்து ஊருக்குப் போகிற பஸ்ஸாக அது இருந்திருந்தால், வழியில் இறங்கி அத்தையிடம் திரும்பியிருப்பேனோ என்னவோ. இறங்கவில்லை. ட்ரெயினிங் முடித்தேன், முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன், பென்ஷன் வாங்குகிறேன். அத்தனை வருஷமும் ஒரே நினைப்புதான்: அவளுக்கு வந்ததை நான் தட்டிப் பறித்தேன், அதுவும் அவள்மேல் இருந்த பிரியத்தினால். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் உறிக்குக் கம்பு போட்டுக்கொண்டு, "வந்துட்டியாட்டி" என்பாள். சொல்லாமல் திரும்புவேன். அவளோ, குறைப்பட்டு ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியில் சொன்னேன். அவளுக்கு எழுபத்தைந்து வயது, எனக்கு அறுபது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். புறவாசல் தெரிகிற மாதிரி கட்டிலைப் போட்டிருந்தோம். வேப்பமரம் எப்போதோ வெட்டியாகிவிட்டது. உறி மட்டும் நாலாவது கயிறோ ஐந்தாவது கயிறோ மாற்றித் தொங்கியது. அவளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தேன். முகம் தெரியாததால் தைரியம் வந்தது போலிருக்கிறது.

"அத்தே, அந்த அமாவாசைக்குக் காக்கா வராமப் போனதுக்குக் காரணம் நான்."

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"விடியக்காலம் தண்ணி எடுக்கப் போனேம்லா. காக்கா கத்துன கத்துல மேல பாத்தேன். உன் ரிப்பன் தெரிஞ்சிது. மறுநா நாந்தான் அவுத்து அரளிக்கு அடியில புதைச்சேன்."

"அன்னைக்குக் காலம்பறயே அவுத்திருக்கலாம்லா அத்தே. அவுத்திருந்தா நீங்க படிக்கப் போயிருப்பீயளே."

"கொம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டுனா விழுந்திருக்கும். கொம்பைக் கையில எடுத்தேன்."

"பின்ன ஏன் விட்டீய? மாமாவுக்காகவா?"

அவள் புறவாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தவிட்டுக்குருவிகள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயின.

"அவுக மொகம் எனக்கு அதுக்கு ரெம்ப முந்தியே மறந்துட்டுட்டி. கை மட்டும்தான் ஞாபகம். குருவியைக் காட்டுன கை." மூச்சு வாங்கியது, கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "உசுரோட இருக்க காக்காயைக் கண்டாலே ஓடுத பிள்ள. செத்ததைக் கையில தூக்கிக்கிட்டு ஓட்டுமேல ஏறியிருக்கு, எனக்காவ. எனக்குன்னு அதுவரைக்கும் யாரு என்ன செஞ்சா? அதைப் போய் நான் எப்படி அவுக்க?"

ஐம்பது வருஷம் நான் அவளிடம் மறைத்ததைவிட, அதே ஐம்பது வருஷம் அவள் என்னிடம் மறைத்ததுதான் கனமாக இருக்கிறது. கோபமாகக் கூட இருந்தது. ஒன்பது வயதுக் குழந்தையின் கிறுக்குத்தனத்துக்கு ஒருத்தி தன் ஆயுசைக் கொடுப்பாளா? கொடுத்துவிட்டு அதைப் பற்றி வாயும் திறக்கமாட்டாளா? அப்படி நேசிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

அவள் முடி பஞ்சாக நரைத்து, விரல் தடிமன்கூட இல்லை. சிக்கெடுத்து, மூன்று பிரித்து, ஒற்றைச் சடையாகப் பின்னினேன். வலிக்காமல் பின்னினேன். கட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. நுனியைச் சுருட்டி ஒரு முடிச்சுப் போட்டேன்.

"உறியில கம்பு போட்டியாட்டி?" என்றாள்.

"இல்ல அத்தே."

"போடு. சின்னவுக வந்து நிக்காக."

எழுந்து போய்ப் போட்டேன். என் கையில் வளையல் இல்லை; குருவிகள் இறங்க வெகுநேரம் ஆனது.